டேப்பில் கோடு முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டேப்பில், அதாவது டேப்லெட் திரையில், வரைந்த கோடு சரியாக வராவிட்டால் முதலில் கையைத்தான் நொந்துகொள்வோம். பாதி நேரம் குற்றம் கையில் இருக்காது. தேய்ந்த பேனா நிப், திரைமேல் ஒட்டிய தடித்த கண்ணாடி, மலிவுச் சார்ஜர், எப்போதோ ஏற்றிவைத்து மறந்துபோன ஸ்டெபிலைசர் (கோட்டை வழவழப்பாக்கும் செயலி அமைப்பு) என்று வேறெங்கோ இருக்கும். மீதிப் பாதி நேரம் கருவி நன்றாகவே இருக்கும். நாமோ புதுப் பிரஷ் தேடி இறக்கிக்கொண்டிருப்போம். எந்தப் பாதி என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். அதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது.

ஒரு தாளில் பால்பாயின்ட் பேனாவால் 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே கோடு குறுக்கே வெட்டிப்போகும் சாதாரணச் சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் போடுங்கள். புள்ளிக் கணக்கை மாற்றாதீர்கள். 3-க்கு 4 வைத்தால் கம்பி ஒரே இழையாகச் சுற்றி வந்து முடியும். 3-க்கு 3 வைத்தால் மூன்று தனிச் சுழிகளாகப் பிரிந்துவிடும், கை எடுக்க வேண்டிவரும். இப்போது அதே கோலம், அதே அளவு, டேப்பில். ஸ்டெபிலைசர் 0, சாதாரண வட்டப் பிரஷ், முழுக் கேன்வாஸும் திரையில் தெரிய வேண்டும்.

இரண்டிலும் ஒரே மாதிரி நடுங்கினால் கைக்குப் பழக்கம் போதவில்லை. தினம் ஒரு கோலம் போட்டாலே சரியாகும். தாளில் நன்றாக வந்து டேப்பில் மட்டும் கெட்டால் கருவி அல்லது அமைப்பு. கீழே முதல் ஏழு அறிகுறிகளைப் பாருங்கள். கோலம் இரண்டிலும் அழகாக வருகிறது, படம் வரைய உட்கார்ந்தால்தான் விறைக்கிறது என்றால் நேரே எட்டாவதற்குப் போங்கள்.

1. கோடு நடுங்குகிறது, அலை அலையாக வருகிறது

டேப் சார்ஜில் இருக்கிறதா? இருந்தால் வயரைப் பிடுங்கிவிட்டு அதே கோட்டை மறுபடி போடுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் வேறெதையும் தேட வேண்டாம். மலிவுச் சார்ஜர்கள் மின்னிரைச்சலைத் திரைக்குள் அனுப்பும். தொடுதிரை அதை விரல் அசைவாகவோ பேனா அசைவாகவோ தப்பாக எடுத்துக்கொள்ளும். டேப்பின் உலோக உடம்பைத் தடவினால் சுள்ளென்று லேசாக உறுத்துகிறதா? அதுவும் இதே குடும்பம்தான். டேப்போடு வந்த சார்ஜருக்கு மாறுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றி முடித்துவிட்டு வரையுங்கள்.

வயர் இல்லாமலும் நடுங்கினால் ஸ்கேல் சோதனை. பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரைமேல் மெதுவாகச் சாய்த்து வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோட்டை 10 விநாடி எடுத்து நிதானமாக இழுங்கள். பிறகு அதே கோட்டை ஒரு விநாடியில். மெதுவாக இழுத்ததில் மட்டும் சீரான இடைவெளியில் அலை தெரிந்தால், பேனா இருக்கும் இடத்தைத் திரை கணக்கிடுவதிலேயே பிசகு இருக்கிறது. விலை குறைந்த டேப்களிலும் பழைய டேப்களிலும் இது சகஜம். இதற்கு ரிப்பேர் கிடையாது, இரண்டு வழிதான். ஸ்டெபிலைசரைக் கொஞ்சம் ஏற்றலாம், அல்லது வேகமாக வரையலாம். விளையாட்டாக வரையும் படத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. வேகமாகப் போன கோட்டில் அலை தெரியாது, உயிரும் தெரியும்.

அலை சீராக இல்லாமல் திடீர் திடீரென்று கோடு பக்கத்துக்குத் துள்ளினால் திரையில் ஈரம் இருக்கிறது. மே மாத மத்தியானம் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்வை அரை மணி நேரத்தில் கண்ணாடியைப் பூசிவிடும். கண்ணாடி துடைக்கும் துணியால் துடையுங்கள், அவ்வளவுதான்.

2. கோடு விட்டுவிட்டு விழுகிறது

நிப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் உளி மாதிரிச் சப்பையாகிவிட்டதா? மாற்றுங்கள். ஆப்பிள் பென்சிலில் முனையை இடப்பக்கமாகச் சுற்றினால் கழலும். புதியதை வலப்பக்கமாக இறுகும்வரை சுற்ற வேண்டும். முனை அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே கோடு விட்டுப்போகும், ஆகவே புதிது வாங்கும் முன் இறுக்கிப் பாருங்கள். தேய்ந்து உள்ளிருக்கும் உலோகம் எட்டிப்பார்த்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், கண்ணாடியைக் கீறிவிடும். சாம்சங் எஸ் பென்னின் நிப்பைச் சின்ன இடுக்கியால் நேராக இழுத்தால் வந்துவிடும். புதியதை உள்ளே தள்ளினால் போதும்.

தாள் போன்ற சொரசொரப்பான ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தால் நிப் சீக்கிரம் தேயும். அந்தச் சொரசொரப்பு கைக்குப் பிடித்திருந்தால் நிப்பை எழுதுபொருளாக நினைத்துக் கைவசம் இரண்டு வைத்திருங்கள்.

நிப் நன்றாக இருந்தும் விடுகிறதென்றால் பென்சிலின் சார்ஜ், அப்புறம் புளூடூத். புளூடூத்தை அணைத்துப் போட்டு, மறுபடி இணையுங்கள். மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் மேசை இழுப்பறையில் கிடந்த முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலின் பேட்டரி செத்துப்போயிருக்கலாம். எஸ் பென்னுக்கு இந்தக் கவலையில்லை. வரைவதற்கு அதற்கு பேட்டரியே தேவையில்லை, திரைக்கடியிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும்.

3. முனை ஓரிடம், கோடு ஓரிடம்

எங்கும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் தடித்த டெம்பர்ட் கிளாஸ்தான் காரணம். முனைக்கும் படத்துக்கும் நடுவில் கண்ணாடி தடிக்கத் தடிக்க, சாய்ந்து பார்க்கும் கண்ணுக்குக் கோடு விலகித் தெரியும். தலையை நேர் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள்; விலகல் மறைந்தால் குற்றவாளி அதுதான்.

ஓரிரண்டு இடத்தில் மட்டும் கோடு வளைந்து ஒதுங்கினால் உறையைக் கழற்றுங்கள். எஸ் பென் வேலை செய்வது காந்தப்புலத்தால். உறையின் மடிப்பில் இருக்கும் காந்தம் டேப்பின் முதுகில் வந்து ஒட்டும்போது அந்த இடத்துக்கு நேரே கோடு பிறழும். உறையை முழுக்கக் கழற்றிவிட்டு வரைந்தால் சரி. காந்தப் பூட்டு வைத்த கைப்பையை மேசையாகப் பயன்படுத்தினாலும் இதேதான்.

4. அழுத்தினாலும் ஒரே தடிமன்

சில பேனாக்களுக்கு அழுத்தம் தெரியவே தெரியாது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் திரைக்கு இன்னொரு விரல், அவ்வளவுதான். ஐபேடுக்கென்று விற்கும் மாற்றுப் பென்சில்கள் பலவற்றில் சாய்வு தெரியும், உள்ளங்கை பட்டால் கண்டுகொள்ளாமல் ஒதுக்கும் வசதியும் இருக்கும், அழுத்தம் மட்டும் இருக்காது. 2023-இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலும் அப்படித்தான். ஆப்பிள் பெயர் இருக்கிறதே என்று வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இந்தப் பேனாக்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேகத்துக்கேற்பத் தடிமன் மாறும் பிரஷைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஒரே தடிமன் கோட்டையே உங்கள் பாணியாக்கிக்கொள்ளுங்கள். கம்பிக் கோலத்துக்கு அழுத்தமா பார்த்தோம்?

அழுத்தம் தெரிந்த பேனாவாக இருந்தும் மாறவில்லையென்றால், எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு தடிமன் என்று காட்டும் அழுத்த வளைகோட்டைப் பாருங்கள். ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட்டில் குறடு அடையாளத்துக்குள் பிரிஃபரன்சஸ் பக்கம், அதில் பிரஷர் அண்ட் ஸ்மூத்திங். கை லேசானவர் கோட்டின் நடுவை மேலே தூக்கலாம், கை கனமானவர் கீழே இறக்கலாம். ஒரு புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள். மூன்று நான்கு வைத்தால் கோடு எங்கே தடிக்கும் என்று கைக்கே தெரியாமல் போகும்.

5. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் புள்ளி, படம் தானாகப் பெரிதாகிறது

விரலால் வரைவதை அமைப்பில் அணைத்துவிடுங்கள். புரோகிரியேட்டில் ஜெஸ்ச்சர் கன்ட்ரோல்ஸ், அதில் ஜெனரல். ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியில் அமைப்புகளுக்குள் ஸ்டைலஸ் பகுதி. ரப்பர் முனை ஸ்டைலஸ்காரர்கள் இதை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டைலஸும் வேலை செய்யாது.

அவர்களுக்கு இரண்டு விரல் கையுறை, அதுவும் இல்லாவிட்டால் பருத்திக் கைக்குட்டை. நான்காக மடித்து, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைக்கு அடியில் வையுங்கள். மடிப்பின் தடிமன்தான் தொடுதலை மறைக்கிறது; ஒற்றைத் துணி போதாது. கைக்குட்டை வியர்வையில் நனைந்துவிட்டால் மறுபடி புள்ளி விழ ஆரம்பிக்கும், உலர்ந்த பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

6. வெளியில் போய் வரைந்தால் திரை தெரியவில்லை, டேப் சுடுகிறது

புதுச்சேரி கடற்கரைச் சாலையும் கடலூர் வெள்ளிக் கடற்கரையும் கிழக்கைப் பார்த்தவை. காலையில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பழைய கலங்கரை விளக்கத்தை வரைந்தால் வெயில் தோளுக்கு மேலாக நேரே திரையில் விழும். இடத்தை மாற்றுவதைவிடத் திரும்பி உட்காருங்கள்: டேப்பின் முதுகு சூரியனைப் பார்க்க வேண்டும், திரை டேப்பின் நிழலிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளும் ஓடாது, நடைக்கு வரும் கூட்டம் மொத்தமும் உங்களுக்கு மாடல்.

திரை முழுக்கக் கறுத்துவிட்டால் பயப்படும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் சில திரைகள் ஒரு வாட்டத்தில் இருண்டுவிடும்; டேப்பைக் கால் வட்டம் திருப்பினால் தெரியும்.

ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் நம் ஊர் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சூடேறினால் வெளிச்சம் தானாகக் குறையும், சார்ஜ் ஏறுவது நிற்கும், வேகம் விழும். நிழலுக்குக் கொண்டுபோய், உறையைக் கழற்றி, மேசைமேல் கவிழ்க்காமல் வைத்தால் போதும். ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

உப்புக்காற்று இன்னொரு தொல்லை. அரை மணி நேரத்தில் திரைமேல் மெல்லிய பிசுபிசுப்புப் படியும், அதில் மணல் ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்த மணல்தான் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதிவிடுங்கள், பிறகு துணியின் ஒரு மூலையை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள், கடைசியில் உலர்ந்த மூலை. சார்ஜ் துவாரத்தில் மணல் போயிருந்தால் டேப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டுங்கள், ஊசி விடாதீர்கள்.

7. நிறம் ஊற்றினால் வழிகிறது, ஓரத்தில் வெள்ளை இழை நிற்கிறது, எல்லாம் மந்தமாக நகர்கிறது

விளையாட்டாகப் போட்ட கோடு எங்காவது திறந்தேதான் இருக்கும். அந்தச் சந்து வழியாக நிறம் முழுக் கேன்வாஸுக்கும் ஓடும். கோட்டை மூடப்போகாதீர்கள், அந்தத் திறப்புதான் அழகு. கோட்டுக்கு அடியில் இன்னொரு லேயர், அதாவது தனி அடுக்கு, போட்டு, அதில் அகலப் பிரஷால் கையாலேயே நிறத்தை அப்புங்கள். கோட்டைத் தாண்டட்டும், உள்ளே கொஞ்சம் வெள்ளை நிற்கட்டும். நிறமும் கோடும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் அந்த விலகலில்தான் படம் சிரிக்கிறது.

ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால்: புரோகிரியேட்டில் நிறத்தை இழுத்துப் போட்டதும் பேனாவை எடுக்காமல் இடப்பக்கம் நகர்த்தினால் பரவும் அளவு குறையும், வலப்பக்கம் நகர்த்தினால் கூடும். வெள்ளை இழை வருவது கோட்டின் ஓரம் பாதி ஒளிபுகும் தன்மையில் இருப்பதால். நிறம் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஐபிஸ் பெயின்ட்டில் ஊற்றும் கருவியின் எக்ஸ்பேன்ஷனை 2 பிக்சல் வையுங்கள். கிரிட்டா செயலியில் அதே வேலைக்கு குரோ என்று இருக்கும்.

மந்தத்துக்கு முதல் காரணம் கேன்வாஸ் அளவு. ஒரு குட்டிப் படத்துக்கு 6000 பிக்சல் கேன்வாஸ் தேவையில்லை. 2000-க்கு 2500 தாராளம். புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர் எண்ணிக்கையும் குறையும், லேயர் தீர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் அங்கேதான் கை வைக்க வேண்டும். அடுத்து பேட்டரிச் சேமிப்பு முறை, அதை அணையுங்கள். அடுத்து சேமிப்பிடம்: கல்யாண வீடியோக்களால் டேப் நிரம்பி வழிந்தால் எந்தச் செயலியும் திணறும்.

8. கோடு சுத்தமாக இருக்கிறது, படம் மட்டும் விறைத்து நிற்கிறது

இதுதான் கடினமான அறிகுறி, அதிகம் பேருக்கு வருவதும் இதுதான். கருவியில் எந்தப் பிழையும் தெரியாது. படத்தில் தப்பென்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. ஆனாலும் அந்தக் காகம் பறக்காது.

ஸ்டெபிலைசரிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக்கலைக்கு அது நல்ல நண்பன். விளையாட்டுப் படத்துக்கு எதிரி. கையின் பாதையைச் சராசரியாக்கித் தருவதுதான் அதன் வேலை, அதனால் கூர்மையான திருப்பமெல்லாம் மழுங்கும். காகத்தின் அலகு நுனியில் கோடு திரும்பும் இடத்தைப் பாருங்கள்: அளவு கூடியிருந்தால் அந்த நுனி உருண்டு கிளிமூக்காகிவிடும். ஐபிஸ் பெயின்ட்டில் 0 முதல் 10 வரை அளவு உண்டு. 1-க்கு மேல் வேண்டாம். புரோகிரியேட்டில் இது இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும்: ஒன்று மேலே சொன்ன பிரஷர் அண்ட் ஸ்மூத்திங் பக்கம், இன்னொன்று ஒவ்வொரு பிரஷுக்குள்ளும் இருக்கும் ஸ்ட்ரீம்லைன். முதலாவதை மட்டும் குறைத்துவிட்டு ஏன் மாறவில்லை என்று குழம்புவார்கள். பிரஷை நகல் எடுத்து, நகலில் ஸ்ட்ரீம்லைனை 10-க்குக் கீழே இறக்குங்கள். கிரிட்டாவில் பிரஷ் ஸ்மூத்திங்கை பேசிக் என்று வைத்தால் போதும்.

அடுத்தது ஜூம். காகத்தின் கண்ணைத் திரை அகலத்துக்குப் பெரிதாக்கி வரைகிறவருக்குக் காகம் தெரியாது. விரல்நுனி மட்டும் அசையும். முழங்கை மேசையில் தூங்கும். மாவுக்கோலம் போடுகிறவரைக் கவனியுங்கள்: குனிந்த உடம்போடு தோளிலிருந்து கை போகும், அவர் நகர நகரக் கம்பியும் நகரும். டேப்பில் அது வேண்டுமென்றால் முழுப் படமும் திரையில் தெரிய வேண்டும், பெரிதாக்கவே கூடாது. புரோகிரியேட்டில் இரண்டு விரலால் சட்டென்று கிள்ளிவிட்டால் கேன்வாஸ் திரையளவுக்கு வந்து நிற்கும். முழங்கை மேசையைத் தொடாத உயரத்தில் டேப்பை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பென்சில் வரைவுமேல் மை இழுக்கும் பழக்கம். கீழே ஒரு வரைவு, அதன் ஒளிபுகுமையைக் குறைத்து, மேலே புது லேயரில் சுத்தக் கோடு. காமிக்ஸுக்கு இது சரி. இங்கே, வரைவில் இருந்த துடிப்பு நகலெடுக்கும்போது செத்துப்போகிறது. கை முன்னே போகாமல் கீழிருக்கும் கோட்டைத் தடவிக்கொண்டே போகிறது. வரைவு பிடித்திருந்தால் அதுதான் படம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் அந்த லேயரை மறைத்துவிட்டு, பார்க்காமல், நினைவிலிருந்து ஒரே மூச்சில் மறுபடி போடுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன்கூடை ஓரம் தத்தும் காகத்தை எடுத்துக்கொள்வோம். கேன்வாஸ் 2000-க்கு 2500, ஒரே பிரஷ், தடிமன் 14 பிக்சல், ஒரே லேயர், அழிப்பான் கிடையாது. அலகு நுனியில் தொடங்குங்கள். நெற்றி, தலை, முதுகு, வால் என்று ஒரே இழுப்பு. வால் நுனியில் கோட்டை எடுக்காமல் திருப்பி, வயிறு வழியாகத் தொண்டைக்குக் கொண்டுவந்து, அலகைத் தொடும் முன் விட்டுவிடுங்கள். கால்கள் இரண்டும் தனித்தனிக் கோடு, ஒன்று முழங்காலில் மடங்கியது. பாதம் மூன்று கீறல். கண் ஒரு புள்ளி, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், அலகுக்கு நெருக்கமாக. அங்கே வைத்தால்தான் காகம் கருவாட்டைப் பார்க்கும். மொத்தம் 20 விநாடி. இப்படி 12 காகம், அதே கேன்வாஸில், ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பரவாயில்லை. முதல் மூன்றும் பாடப்புத்தகக் காகமாகத்தான் இருக்கும். ஏழு எட்டுக்கு மேல் கை அலுத்துப்போய்க் குறும்பு செய்ய ஆரம்பிக்கும். ஒன்று தலையைத் திருப்பும், ஒன்று தொந்தி வைக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து நிறம் கொடுங்கள்.

9. ஒரு கோட்டுக்கு நாலு அண்டூ

அண்டூ, அதாவது போட்ட கோட்டைத் திரும்ப எடுப்பது, கெட்டது அல்ல. புரோகிரியேட் 250 படிவரை பின்னால் போக விடுகிறது; கேலரிக்கு வெளியேறினால் அந்தச் சரித்திரம் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தொல்லை எங்கே என்றால், கோடு விழுந்து முடியும் முன்பே இடது கையின் இரண்டு விரல் அண்டூவுக்காகத் திரைமேல் தட்டத் தயாராக நிற்பதில். அப்போது எந்தக் கோட்டையும் நம்பிப் போட மாட்டீர்கள்.

இடது கைக்கு வேலை கொடுங்கள். டேப்பை மேசையிலிருந்து எடுத்து இடது கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு வரைந்தால் தட்டுவதற்கு விரல் மிஞ்சாது. இன்னொரு வழி, தப்பான கோட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியான கோட்டையும் போடுவது. கோலம் போடுகிறவர் பிசகினால் காலால் தேய்த்துவிட்டுப் போவார், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் தேய்ப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அண்டூ என்று கணக்கு வைத்தால் போதும்.

10. வெள்ளைத் திரை முன்னால் கை ஓடவில்லை

வெள்ளையில் தொடங்காதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதிச் சுவர்களின் கடுகு மஞ்சளைப் பின்னணியாக நிரப்புங்கள்: சிவப்பு 227, பச்சை 167, நீலம் 47. அதன்மேல் வெள்ளை ஒன்று, காகிதப்பூ நிறம் ஒன்று (200, 30, 110), கறுப்பு ஒன்று. இந்த நாலுக்கு மேல் வேண்டாம். நிறச்சக்கரத்தைத் திறந்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

என்ன வரைவது என்றே தெரியவில்லையா? அகலமான பிரஷால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து திட்டு அப்புங்கள். உள்ளங்கை அகலம், ஒன்றோடொன்று ஒட்டாமல். இப்போது கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்புங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பழம் பார்த்திருப்பீர்கள்: கொழுத்த பழத்துக்கு அடியில் கொட்டை தொங்கும். அப்படியொரு திட்டு விழுந்திருந்தால் அந்தக் கொட்டையை மூக்காக்குங்கள். மேலே இரண்டு கண், பக்கத்தில் ஒரு காது, தாத்தா வந்துவிட்டார். நீளத் திட்டுக்கு நாலு கால் வைத்தால் நாய். மேலே சப்பையான சிவப்புத் தொப்பி வைத்தால் எந்தத் திட்டும் புதுச்சேரிப் போலீஸ்காரர்தான். ஒரு திட்டுக்கு ஏழு கோட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். எட்டாவது கோட்டிலிருந்து நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள்.

மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டம் மாதிரி பெரிய காட்சியை எடுத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்கும் இதே வழி: முதலில் தலைகள் எல்லாம் திட்டு, சாமி ஒரு திட்டு, குடை ஒரு திட்டு. முகம் மூன்றே மூன்றுக்கு.

11. டேப்பில் பளிச்சென்று இருந்தது, போனிலும் தாளிலும் சோகை பிடித்துவிட்டது

வரையும் முன் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், கண் பாதுகாப்பு முறை எல்லாம் அணைந்திருக்கிறதா பாருங்கள். மஞ்சள் ஏற்றிய திரையில் தேர்ந்த நிறம் மற்ற திரையில் நீலமாகத்தான் தெரியும். புதுக் கேன்வாஸ் திறக்கும்போது நிற வரம்பாக டிஸ்ப்ளே பி3-க்குப் பதில் எஸ்ஆர்ஜிபி எடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். பிஎன்ஜி கோப்பை டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அச்சுக்கு ஏ5 அட்டை என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748-க்கு 2480 பிக்சல். வெட்டு ஓரம் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 1819-க்கு 2551. இதை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் படத்தைப் பின்னால் இழுத்துப் பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் பஞ்சாகும். பளீர் நீலம், கிளிப்பச்சை, மின்னும் இளஞ்சிவப்பு மூன்றும் அச்சு மைக்கு எட்டாதவை. பிரின்ட் கடையில் நூறு அட்டைக்குச் சொல்லும் முன் ஒரே ஒரு அட்டை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

புரோகிரியேட்டை நீக்கினால் அதற்குள் இருந்த படமெல்லாம் கூடவே போய்விடும். இடம் போதவில்லை என்று செயலியை அழித்து மறுபடி இறக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது அழித்த பிறகுதான். மாதம் ஒருமுறை மூலக் கோப்பாகவோ பிஎஸ்டியாகவோ (ஃபோட்டோஷாப் கோப்பு) வெளியே எடுத்து, ஒன்றை மேகச் சேமிப்பிலும் ஒன்றை பென்டிரைவிலும் வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான்; ஐப்பசி பிறக்கும் முன் அந்த பென்டிரைவை ஜிப் உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.